சாமு மாமாவின் இரண்டு குரல்கள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை கிரேஸை நம் வீட்டுக்கு அழைத்து வந்தாய் அல்லவா, திரும்பிப் போகிற நேரத்தில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் உன்னிடம் மெதுவாக ஒன்று கேட்டாள். "உங்க மாமா ஏங்க அப்படிப் பேசறாங்க?" நீ, "தொண்டையில ஒரு ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாய். நான் சன்னலுக்கு உள்பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது பொய் இல்லை. ஆனால் அடுத்த மாதம் உன் கல்யாணத்தில், ஆலயத்திலும் சரி, பந்தலிலும் சரி, தாய்மாமன் என்று உன் பக்கத்தில் நிற்கப் போகிறவன் அவன். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெண் வீட்டார் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். அப்போது கிரேஸாவது விஷயம் தெரிந்தவளாக நிற்கட்டும். உனக்கே இதில் பாதிதான் தெரியும். முக்கால்வாசியும் நீ மலைமேல் ஹாஸ்டலில் இருந்து படித்த வருஷங்களில் நடந்தது. லீவுக்கு வந்தபோது பார்த்ததை வைத்து நீயாக ஏதோ புரிந்துகொண்டிருப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

உன் அப்புச்சி, அதாவது என் அப்பா, எங்கள் ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்தினார் என்பது உனக்குத் தெரியும். தாளத்தில் மகா கண்டிப்பு. என்னையும் என் தம்பி சாமுவேலையும் சிறு வயதிலேயே குழுவில் நிறுத்திவிட்டார். எனக்குக் குரல் சுமார். சாமுவுக்குக் குரல் அளவுக்கு மேல். மற்ற எல்லாரும் ஒரு கீர்த்தனையை மெதுவாக எடுக்கும்போது, அவன் வாயைத் திறந்தால் அண்டாவை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். ராகம் தப்பாது, சத்தம்தான் அடங்காது. அப்புச்சி அவனை முதலில் பின்வரிசைக்கு அனுப்பினார், பிறகு கதவோரத்துக்கு. கடைசியில் ஒரு நாள், "நீ வெளிய நின்னு பாடு சாமி, உள்ள அளவாக் கேட்கும்" என்றே சொல்லிவிட்டார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே வேப்பமரத்தடியில் போய் நின்று பாடினான். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதெல்லாம் ஐம்பதுகளில்.

படிப்பு ஏறாமல் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷினுக்குப் போனான். அந்த ஹாலுக்குள் நீ வேலை நேரத்தில் போனதே இல்லை. வரிசையாக மிஷின்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் காதில் கத்தினால்கூடக் கேட்காது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நூல் வேண்டும் என்றால் ஒரு சைகை, டீ என்றால் ஒரு சைகை. சாமு மட்டும் வாயால் பேசினான். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து அவன் கூப்பிட்டால் இந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். உன் அப்பா அப்போது அதே கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஜயதசமி அன்று, ஆயுத பூஜைக்கு நிறுத்திய மிஷின்களை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி முதலாளி சாமுவைக் கூப்பிட்டிருக்கிறார். வாடகை மைக் வைத்திருந்தார்கள். அவன் பாடிக்கொண்டிருக்கும்போதே ஃபிட்டர் அவசரப்பட்டு மிஷின்களைப் போட்டுவிட்டான். ஒன்று, இரண்டு என்று எல்லாம் கிளம்பின, மைக் செத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு குரலை மேலே ஏற்றினான். அதற்கும் மேலே ஏற்றினான். பாட்டு பிய்ந்து கத்தலாகி, கத்தல் மறுபடி பாட்டாகி, மிஷின் சுற்றுகிற வேகத்தையே தாளமாகப் பிடித்துக்கொண்டு பாடினானாம். உன் அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "உன் தம்பி இன்னைக்குப் பாடுல புள்ள. வேற என்னமோ பண்ணுனான். என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு" என்றார். அவர் சாதாரணமாக எதற்கும் புல்லரிக்கிற மனிதர் இல்லை என்பது உனக்கே தெரியும்.

ரெஜி வந்தது அதற்குப் பிறகு. போத்தனூர் ரயில்வே காலனிக்காரன், ஒர்க்‌ஷாப்பில் வேலை. எலக்ட்ரிக் கித்தார் ஒன்றும், பழைய சினிமாக் கொட்டகை ஸ்பீக்கரை வைத்து அவனே செய்த ஒரு பெட்டியும் வைத்திருந்தான். யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்து இறங்கினான். திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து அதை சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தது உன் அப்பா. பிறகு ஒருமுறை, இங்கிலாந்துக்குப் போய்விட்ட அவனுடைய அண்ணன் அனுப்பிய ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்தான். இரும்புப் பட்டறைகள் நிறைந்த ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்த பையன்கள் பாடியதாம். கித்தார் கனமாக உறுமியது, பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சாமு அசையாமல் உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் என்னிடம் வந்து, "இவங்க ஊர்லயும் மிஷின் ஓடுது போலிருக்குதுங்க்கா" என்றான்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். டிரம்ஸுக்கு ஊரிலேயே ஒரு பையனைப் பிடித்தார்கள். சாமு தானே வார்த்தை எழுதினான். 'ஊசி குத்து, நூலே ஓடு, ஊரை உடுத்து, நீ நிர்வாணம் நில்லு' என்று ஒரு பாட்டு. எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆனால் மிஷினில் நிற்கிற ஆட்கள் அதை வேலை நேரத்தில் முணுமுணுத்தார்கள். கச்சேரிகளில் எல்லாமே நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு, மெல்லிசை என்று நினைத்து இவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது பாட்டில் சாமு உச்சத்துக்குப் போனபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா சொம்பில் தண்ணீரோடு மேடைக்கே ஏறிவிட்டார். "இந்தத் தம்பிக்கு ஏதோ ஆகிப்போச்சு, ஆராச்சும் புடிங்க" என்று அவன் முகத்தில் தெளித்துவிட்டார். சாமு தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலீங்கம்மா, இது பாட்டுதானுங்க" என்றான். அந்த அம்மா நம்பவில்லை. கச்சேரி முடிகிறவரை மேடை ஓரத்திலேயே சொம்போடு உட்கார்ந்திருந்தார். கிரேஸ் இந்த இடத்தில் சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் கம்பெனி ஆட்கள் கூடுகிற இடங்களில் யாரும் சிரிக்கவில்லை. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் வாயடைத்து நின்றவர்கள், ஒருவன் அதே சத்தத்தை மேடையில் ஏற்றி அதற்கும் மேலே குரல் கொடுப்பதைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அப்புச்சி மட்டும் ஒரு கச்சேரிக்கும் வரவில்லை. "அது சங்கீதமில்ல" என்று ஒரே வார்த்தை. திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பெங்களூரில் ஒரு காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். வெவ்வேறு ஊர் பேண்ட்காரர்கள் வருகிற பெரிய விழா. ரெஜி புதுக் கம்பிகள் வாங்கினான், சாமு பெல்பாட்டம் தைத்தான். அந்தச் சமயத்தில்தான் சாமுவின் குரல் கம்மத் தொடங்கியது. கஷாயம், மிளகு, தேன் எல்லாம் பார்த்தோம். சரியாகவில்லை. கோயமுத்தூரில் பார்த்து, அங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். நானும் ரெஜியும் கூடப் போனோம். குரல்வளையில் கட்டி, அது நல்ல கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னார். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும், பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் உயிர் இருக்காது. சாமு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நான் கத்துனதால வந்ததுங்களா?" டாக்டர் அவன் விரல்களைப் பார்த்தார். "கத்தினதால இல்லைப்பா. நீ ஊதித்தள்ளின சிகரெட்டாலதான்" என்றார். ஊரில் இன்றைக்கும் சில பேர் அந்தப் பாட்டுதான் அவன் தொண்டையைத் தின்றது என்று சொல்வார்கள். கிரேஸ் காதிலும் விழும். அது உண்மை இல்லை. நீ துவைக்கப் போடுகிற சட்டைகளின் பையில் என்ன தூள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் கண்ணு. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

சாமு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான். திரும்பி வரும்போது ரயிலில் நான் அழுது கெஞ்சினேன். "பாட்டுப் போனப்புறம் நான் இருந்து என்னத்துக்குங்க்கா?" என்றான். "எனக்குத் தம்பி வேணும்டா. நீ பாடாட்டி என்ன" என்றேன். சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த ரெஜி, ஈரோடு வந்ததும் இறங்கிப் போனான், ரயில் நகர்கிற நேரத்தில் ஓடி வந்து ஏறினான். பெங்களூருக்கு வரவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சாமு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பெட்டியில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ரெஜி கையைத் தட்டிவிடவில்லை. "நீ செத்துட்டா நான் யாருக்குடா வாசிக்கிறது?" என்றான். சாமு கையை எடுத்தான். திருப்பூரில் இறங்கும்போது, "எப்பப் போகணும்?" என்று கேட்டான்.

மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் வேலைக்குப் போனான். கடைசியாக ஒரு கச்சேரி வைக்கலாம் என்று ஆட்கள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான். மத்தியானம், எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹாலின் ஒரு கோடியிலிருந்து பாடிக்கொண்டே நடக்கத் தொடங்கினான். அந்த ஊசிப் பாட்டுதான். முன்போல எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஏற அப்போது குரலில் தெம்பு இல்லை. அதனால் ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்தில் வரும்போதும் அங்கே நிற்கிறவனுக்கு மட்டும் கேட்டது. அவனைத் தாண்டிப் போனதும் சத்தத்தில் கரைந்துவிட்டது. யாரும் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி அவன் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவன் பாடியதை முழுதாகக் கேட்டவர் யாருமில்லை. ரெக்கார்டும் கிடையாது, டேப்பும் கிடையாது. இப்போதும் கடைவீதியில் பழைய ஆட்கள் யாராவது என்னை நிறுத்திப் பேசுவார்கள். ஒருவர் சொல்வார், "எனக்கு ரெண்டாவது அடி கெடைச்சுதுங்க." இன்னொருவருக்குக் கிடைத்தது வெறும் ஒரு இழுப்புதான். அவர் அதைச் செய்து காட்டுவார், நடுரோட்டில் நின்று.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகு நீ லீவில் பார்த்த சாமு மாமா வந்தான். கையில் சிலேட்டு, கழுத்தில் பனியன் துணி. அந்தத் துணி எங்கிருந்து வந்தது தெரியுமா? கழுத்து ஓட்டைக்குள் பஞ்சுத் தூசி போகக்கூடாது, ஆனால் மூச்சும் அடைபடக்கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி உறுத்தியது. கம்பெனியில் கட்டிங் டேபிளில் வேலை செய்த மேரி, வெட்டில் விழுகிற துண்டுகளில் மெல்லிசாகப் பார்த்து எடுத்து, குழந்தைக்குக் கட்டுகிற மார்புத்துணி மாதிரி தைத்துக் கொடுத்தாள். வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று வாரா வாரம் வந்தது. சாமு சிலேட்டில் 'போதும்' என்று எழுதிக் காட்டினான். அப்புறமும் வந்தது. அப்படித்தான் மேரி உனக்கு அத்தை ஆனாள். பேச்சில்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்று அவள் வீட்டில் கேட்டபோது, "பேசறவிய எல்லாம் என்னத்தப் பேசிக் கிழிச்சுட்டாங்க" என்றாளாம்.

ஆனால் புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை வராமல் இருக்குமா. சாமு கோபம் வந்தால் சிலேட்டு முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவான். மேரி என்ன செய்வாள் என்றால், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தன் பக்கத்து நியாயத்தை எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள். அவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருவான். நான் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். மெட்ராஸில் ஒரு நர்ஸ் அவனுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். காற்றை விழுங்கி, ஏப்பம் மாதிரி மேலே கொண்டுவந்து, அதை வாயில் வார்த்தையாகப் பிடிக்க வேண்டும். முதலில் அவனுக்கு வெட்கம். மனிதர்கள் எதிரில் ஏப்பம் விடுவதா என்று. பிறகு ஏப்பம் வரவழைக்க, கோலி சோடா கடைக்காரர் வீட்டுக்கே பெட்டி பெட்டியாகப் போட ஆரம்பித்தார். மாதக் கணக்கில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, ஏதோ ரேஷன் மண்ணெண்ணெய் பற்றிச் சண்டை. மேரி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். சாமு சிலேட்டைக் கீழே வைத்தான். "பாரு" என்றான்.

கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது அது. கரகரவென்று, அடியாழத்திலிருந்து. மேரி கண்ணைத் திறந்தாள். அவனுக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் சொன்னான், "பாரு." மேரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பாத்துட்டுத்தான இருக்கறேன், சொல்லுங்க" என்றாள். அதற்குள் மண்ணெண்ணெய் விஷயம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் ஒரு மூச்சில் வராது. சத்தமாகவும் வராது. ஆனால் ரெஜி அதைக் கேட்டுவிட்டு, வாய்க்கு நெருக்கமாக ஒரு மைக்கை வைத்துப் பார்த்தான். மைக்கில் அந்தக் குரல் தரையை அதிர வைத்தது. அதற்கு எந்தச் சுருதியும் ஒத்துவரவில்லை என்று கித்தார் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனான். கம்பிகள் தொளதொளவென்று ஆகி, கித்தாரும் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. வார்த்தைகளைச் சாமு சுருக்கினான். முன்பு ஒரே மூச்சில் இழுத்த அடியை, இப்போது ஊசி, குத்து, நூலே, ஓடு என்று கல்லைத் தூக்கி வைப்பது போல ஒவ்வொன்றாக வைத்தான்.

கம்பெனி ஆட்கள் பொங்கலுக்கு மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். மேரி தைத்த கறுப்புத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவன் மேடையேறினான். முதல் சொல் ஸ்பீக்கரில் வந்ததும் முன்வரிசைக் குழந்தைகள் சில வீறிட்டன. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. ரெஜி சாமுவையே பார்த்துக்கொண்டு வாசித்தான். இரண்டாவது அடி வரும்போது, அன்றைக்கு ஹாலில் அந்த அடி கிடைத்த மனிதர் கூட்டத்திலிருந்து அதை எடுத்துப் பாடினார். மூன்றாவது அடியை வேறு யாரோ. அவரவருக்குக் கிடைத்ததை அவரவர் பாடினார்கள். நடுநடுவே கிணற்றிலிருந்து வருகிற மாதிரி சாமுவின் ஒவ்வொரு சொல். ஹாலில் அவன் நடந்துகொண்டே பாடிய அந்தப் பாட்டை அப்போதுதான் நான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன், கண்ணு.

திரும்பினால் கூட்டத்தின் ஓரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு, உன் அப்புச்சி. எப்போது வந்தார் என்று தெரியாது. வீட்டுக்கு நடக்கும்போது சாமு அவர் பக்கத்தில் வந்தான். அப்புச்சி வெகுதூரம் நடந்த பிறகு, "கடைசி அடியில அவசரப்படற சாமி. ஒரு தட்டு விட்டு எடு" என்றார். சாமு நின்றுவிட்டான். அவன் பாட்டில் அவர் திருத்தம் சொன்னது, மரத்தடிக்கு அனுப்பிய காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "சரிங்... கப்பா" என்று இரண்டு மூச்சில் சொன்னான்.

இப்போது அவர்கள் அதிகம் கச்சேரி செய்வதில்லை. ரெஜிக்குப் பிள்ளைகள், சாமுவுக்கு ஷிப்ட். ஆனால் மாதத்தில் ஒரு நாள் அவன் கோயமுத்தூருக்குப் போகிறான் அல்லவா, எங்கே என்று நீ கேட்டதில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இவன் மாதிரியே ஆபரேஷன் ஆனவர்கள் வருகிறார்கள். மேரி தைத்த துணிகளை ஒரு பையில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறான். போன மாதம் கல்யாணச் சாமான் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். பொங்கலூர் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். ஆபரேஷன் ஆகி வெகுநாளாகியும் ஒரு சொல்லும் வரவில்லை. இனி வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு எழப் போனார். சாமு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, "ஊட்டுல... பேரு... என்ன?" என்று கேட்டான். அவர் விரலால் மேஜையில் எழுதினார், பாப்பாத்தி. "நல்ல... பேரு" என்றான் சாமு, "சுலபமா... வரும்." அவர் விழுங்கினார், திணறினார், வெறும் காற்று வந்தது. மறுபடி விழுங்கினார்.

அந்தப் பாப்பாத்தி, அவர் மனைவி, வெளியே வராந்தாவில் கீழே உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றிருந்ததால் இரண்டு பேரையும் பார்க்க முடிந்தது. உள்ளேயிருந்து கரகரவென்று, "பாப்... பாத்தி" என்று வந்தது. அவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "இருங்க, வாரேன்" என்றாள், வீட்டில் அடுப்படியிலிருந்து சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்போடு. இன்னும் ஒரு துண்டு நறுக்கினாள். அப்புறம்தான் கத்தி நின்றது. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்ட வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோய், இன்னொரு தடவை கூப்பிட்டார்.

உன் அம்மா